கடனில்லாத மாப்பிள்ளை

“எங்க பையனுக்கு ஒரு பைசா கடன் கிடையாதுங்க” என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, டீப்பாய் மேல் இருந்த என் போன் அதிர்ந்தது. திரையில் ‘மௌமிதா’ என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

பெண்ணின் அப்பா நாகரத்தினம் அதைப் படித்துவிட்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு ஒரு வங்காளிப் பெண் போன் செய்தால் எந்தத் தகப்பனும் என்ன நினைப்பாரோ, அதையே அவரும் நினைத்தார்.

“ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு, அங்கிள்” என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

காதலி என்று அவர் நினைத்தால்கூட எனக்குச் சம்மதம்தான். மௌமிதா கடன் வசூல் கம்பெனிக்காரி. நேரில் பார்த்ததில்லை, எட்டு மாதமாக போனில், வங்காள மொழியில், மிக மரியாதையாக, “ரோஹித் சார், இந்த மாசத் தவணை?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“கடனைப் பத்தி மூச்சு விடாதே. கல்யாணம் ஆகட்டும், ரெண்டு சம்பளத்துல அடைச்சுடலாம்” என்பது பெஹாலாவில் எங்கள் வீட்டிலிருந்து டாலிகஞ்சில் இந்த வீட்டுக்கு வரும்வரை டாக்சியில் அம்மா போட்ட உத்தரவு. அப்பா இராஜமாணிக்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், அம்மாவிடம் எப்போது வாய் திறக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

“தம்பி என்ன படிச்சிருக்கு?” நாகரத்தினம் பேச்சை மாற்றினார்.

“இங்கிலாந்துல கிரிமினல் ஜஸ்டிஸ்” என்றாள் அம்மா.

“அப்போ போலீஸா?”

“போலீஸ் மாதிரி.”

அந்த ‘மாதிரி’யில் என் பிழைப்பு மொத்தமும் அடங்கிவிட்டது. நியூ டவுனில் ஒரு மாலில் உட்கார்ந்து கேமராத் திரைகளைப் பார்த்து, ஷாம்பூ பாட்டிலைச் சட்டைக்குள் விடுகிறவர்களைப் பிடிக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் பிளஸ் டூ. சீனியர் என்பதால் என்னைவிட ஆயிரம் ரூபாய் அதிகம் வாங்குகிறார்.

உள்ளேயிருந்து தேநீரும், வங்காளத்துச் சமோசாவான சிங்காராவும் எடுத்துக்கொண்டு ஜெயப்ரியா வந்தாள். புகைப்படத்தைவிட நன்றாகவே இருந்தாள். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

“நியூ டவுன்ல கஸ்டமர் சர்வீஸ்ல இருக்கா. பெங்காலி தண்ணி பட்ட பாடு. வீட்ல சண்டை போட்டாலும் அதுலதான் போடுவா. வர்றவங்க முன்னாடியாவது தமிழ்ல பேசும்மான்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றார் நாகரத்தினம்.

ஜெயப்ரியா என் அப்பாவிடம் கோப்பையை நீட்டினாள். நிறுத்தி நிறுத்தித் தமிழில் கேட்டாள்: “கால் இப்போ தேவலையா, அங்கிள்?”

அப்பா விழித்தார். “காலா? நல்லாத்தானேம்மா இருக்கு. மூணு மாடி ஏறினதுல லேசா வலிச்சுது, அவ்வளவுதான்.”

நான் அசந்துபோனேன். லிஃப்ட் ரிப்பேர், அப்பா படியேறி வந்ததை உள்ளே இருந்தபடியே கவனித்திருக்கிறாள். படித்தது நான், துப்பறிகிறது அவள்.

“ரெண்டு பேரும் பால்கனியில கொஞ்சம் பேசட்டுமே” என்றார் நாகரத்தினம்.

பால்கனிக்குக் கீழே மெட்ரோவுக்குப் போகும் ஆட்டோக்கள் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள்தான் ஆரம்பித்தாள்.

“அந்தப் படிப்புக்கு நிறைய செலவாகியிருக்குமே?”

‘ஸ்காலர்ஷிப்’ என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் பார்த்த பார்வையில் அது வந்த வழியே திரும்பிவிட்டது. என் அறிவுக்கொழுந்துத்தனத்துக்கு இந்தப் பெண் மாதாமாதம் தன் சம்பளத்தைக் கொட்ட வேண்டுமா என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குள் அவளைப் பிடித்துத் தொலைத்துவிட்டதுதான் வினை.

“இருபத்திரண்டு லட்சம். எல்லாமே கடன்” என்றேன். “சம்பளம் முப்பத்தஞ்சாயிரம், தவணை இருபத்தாறாயிரம். சேர்றதுக்கு முன்னாடி, அங்க வேலை கிடைச்சா எவ்வளவு சம்பளம்னு பவுண்டுல பாத்து, நூறால பெருக்கி சந்தோஷப்பட்டேன். கிடைக்கலைன்னா கடன் என்ன ஆகும்னு பெருக்கிப் பாக்கல. கணக்குல நான் எப்பவுமே சந்தோஷமான பக்கத்தைத்தான் போடுவேன்.”

அவள் சிரிக்கவில்லை. “தவணையாவது ஒழுங்கா கட்டுறீங்களா?”

“எங்கே? அதுக்குன்னு மௌமிதான்னு ஒரு பொண்ணு போன் பண்ணும். கொஞ்சம் முன்னாடிகூடப் பண்ணிச்சு. பணம் இல்லாத மாசம் எங்கப்பாவுக்குக் கால் உடைஞ்சுடுச்சுன்னு சொல்லிடுவேன்.”

“வலது காலா, இடது காலா?”

“அந்த நேரத்துக்கு எது வாயில வருதோ அது.”

“அவங்க நம்புவாங்களா?”

“பாவம், அப்படியே நம்பி வருத்தப்படும். நான் கிரிமினல் சைக்காலஜியும் சேர்த்துப் படிச்சவன் இல்லையா? என் பொய்யை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் படிப்புல எனக்குக் கிடைச்ச ஒரே வருமானம் அதுதான்.”

“மொத்தம் எத்தனை தடவை உடைஞ்சிருக்கு?”

“மூணு தடவை.”

அவ்வளவுதான், உள்ளே போய் இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டேன்.

ஜெயப்ரியா போகவில்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் முறையாக வங்காள மொழியில், எட்டு மாதமாக நான் போனில் கேட்ட அதே மரியாதையான குரலில் பேசினாள்.

“நாலு தடவை, ரோஹித் சார்.”