எல்ஜினில் நன்றாகக் கிடைக்குமாம்

"இதுவா பிளாக் புட்டிங்? தார் ரோட்டைப் பெயர்த்து வறுத்த மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போ!"

டூகல் படுத்தபடியே தட்டைத் தள்ளினார். பன்றி ரத்தத்தைக் குடலில் அடைத்து, கறுப்பாக வறுத்த மூன்று வட்டத் துண்டுகளில் ஒன்றின் ஓரம் மட்டும் கடிபட்டிருந்தது.

மனைவி இஷ்பெல் தட்டை எடுத்துக்கொண்டாள். நேற்று பான்ஃப் வரை பஸ்ஸில் போய் வாங்கி வந்தது அது.

"பக்கி ஊர்க் கடையில வேணா மறுபடியும் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"அவனா? கஞ்சியைக் குடல்ல அடைச்சு விக்கிறான். எல்ஜின்ல ஒரு கறிக்கடை இருக்காமே. ரத்தம் தாராளமா விட்டுப் பண்றானாம். ஆட்டு ஈரலை அடைச்ச ஹாகிஸும் நல்லா கிடைக்குமாம். போய்ட்டு வாயேன்."

"வெளிய மழை கொட்டுது அத்தான்!" இஷ்பெலின் தங்கை வில்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ஸ்காட்லாந்துல மழை விட்டப்புறம்தான் கிளம்பணும்னா, இங்க ஒருத்தனுக்கும் கல்யாணமே ஆகியிருக்காது."

இஷ்பெல் சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினாள். எழுபத்தொரு வயது. முழங்காலில் வலி வேறு. "பத்து மணி பஸ்ஸைப் பிடிச்சுடறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று கிளாஸ்கோவிலிருந்து வில்மா நேற்று ராத்திரிதான் வந்திருந்தாள். அக்கா போனில் சொன்ன அதே கூத்து.

டூகலுக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம்தான். அதற்காகக் கட்டினவளை இப்படியா ஊர் ஊராக விரட்டுவது?

உள்ளூர்க் கறிக்கடையை மூடி இரண்டு வருஷமாகிறது. அந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். ஒரு கடையில் "ஹாகிஸா? ஜனவரிப் பண்டிகைக்குத்தான் போடுவோம், அப்ப வாங்கம்மா" என்றார்களாம். இன்னொரு கடையில் சுற்றுலாக்காரர்களுக்கான டப்பாவைக் காட்டினார்களாம். அலைந்து திரிந்து எதை வாங்கி வந்தாலும் இவர் ஒரு கடி கடிப்பார். துப்புவார். அடுத்த ஊர்ப் பெயரைச் சொல்வார்.

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் வில்மா கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா அத்தான்? இன்னும் எத்தனை நாள் அவ உங்களோட உட்கார்ந்திருக்கப் போறா? அந்த நாளையும் பஸ்லயே கழிக்கணுமா?"

டூகல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "பஸ் போயிடுச்சா பாரு" என்றார்.

"போகுது, போகுது. திருப்திதானே?"

"நல்லாத் தெரியுமா? ஏறிட்டாளா?"

"ஏறிட்டா!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நாக்குல ருசி செத்து ரெண்டு மாசம் ஆச்சு வில்மா. புட்டிங்கும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான்."

"அப்புறம் எதுக்கு அவளை..."

வாசலில் கார் வந்து நின்றது. நர்ஸ் பையோடு உள்ளே வந்தாள்.

"பின்கட்டுல போய் இரு. கதவைச் சாத்திக்கோ" என்றார் டூகல். "தினமும் இடுப்புப் புண்ணைப் பிரிச்சுக் கழுவணும். எலும்பு வரைக்கும் போயிடுச்சு. மருந்து கொடுத்தும் தாங்கலை. நாற்பத்தாறு வருஷமா என் கூட இருக்கா. நான் கத்தறதை அவ கேட்கக் கூடாது."

வில்மா சமையலறைக்குப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அப்படியும் கேட்டது. மனுஷக் குரல் மாதிரியே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் போன பிறகு டூகல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையணை நனைந்திருந்தது.

"அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

மூன்று மணிக்கு வில்மா குடையோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். இனி ஒரு நாள்கூட அக்காவைத் தனியாக அலைய விடுவதில்லை. நாளையிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லித் தானும் கூடவே போவது என்று முடிவு செய்திருந்தாள்.

இஷ்பெல் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். தலையெல்லாம் ஈரம்.

"இன்னிக்கு ரொம்பக் கத்தினாரா?" என்று கேட்டாள்.

வில்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா... உனக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். பர்ஸை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். தெருமுனை வரைக்கும் கேட்டுது."

"தெரிஞ்சுமா தினமும் கிளம்பிப் போறே? அவருக்கு ருசியே தெரியலையாம் அக்கா. எதை வாங்கிட்டு வந்தாலும் அவர் சாப்பிடப் போறதில்லை. எல்லாத்தையும் சொல்லிட்டு, பேசாம அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரேன்."

இஷ்பெல் நனைந்த பொட்டலத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"நான் வீட்ல இருந்தா அந்த மனுஷன் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பார்டி. வாய்விட்டுக் கத்தவாவது அவருக்கு ஒரு மணி நேரம் வேணாமா?"