பதினோரு சிவப்புப் பொட்டு

"அவ பேரை இன்னைக்கு அடிச்சே தீரணும்" என்று சொல்லிக்கொண்டே தலைவி மாடிப்படி இறங்கினாள்.

யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவி இல்லை. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு அதட்ட ஆள் வேண்டாமா? ஜனவரி பிறந்ததும் குடியிருப்பின் பத்து வீட்டுப் பெண்களையும் கூட்டி வைத்துச் சட்டம் போட்டுவிட்டாள்.

"ஆளுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு வேலை. மாசத்துக்கு ஒண்ணு. திரை தைக்கறதோ, செடி வளக்கறதோ, ஸ்டூலுக்குப் பெயின்ட் அடிக்கறதோ, எதுவானாலும் சரி. சொந்தக் கையால செய்யணும். மாசக் கடைசிக்குள்ள வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ வரணும்."

மாடிப்படிச் சுவரில் சார்ட் ஒட்டினாள். வேலையை முடித்தால் பச்சைப் பொட்டு. முடிக்காவிட்டால் சிவப்பு.

இப்போது டிசம்பர். ஒன்பது வீட்டுக்கு வரிசையாகப் பச்சை. கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் பதினோரு சிவப்பு. "முட்டை" என்று அவளுக்குப் பேர் வைத்தவள் எதிர்வீட்டு வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். தலைவிக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

கீழ்வீட்டுக் கதவு திறந்ததுமே தலைவி ஆரம்பித்தாள்.

"வாசல் ஜன்னலுக்குத் திரை தைக்கறேன்னு ஜனவரியில எழுதிக் குடுத்தியே, தச்சியா?"

ஜன்னலைப் பார்த்தாலே தெரிந்தது. பழைய நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது.

"துணி வாங்கிட்டேன்க்கா. வெட்டறதுக்குள்ள..."

"வெட்டறதுக்குள்ள வருஷமே ஓடிப்போச்சு! உனக்குச் சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதறதும் ஒண்ணு. நர்ஸ் நைட் டூட்டி முடிச்சு வந்து தொட்டி தொட்டியாப் புதினா வளக்கறா. வக்கீல் கோர்ட்டுக்கும் போயிட்டு வீடு முழுக்கத் திரை தச்சு மாட்டியிருக்கா. உனக்கு என்ன கேடு? வீட்டுலதானே இருக்கே?"

அவள் கதவைப் பிடித்தபடி அசட்டுச் சிரிப்போடு நின்றாள்.

"இப்படி இடிச்ச புளி மாதிரி நின்னா ஆச்சா? அடுத்த வருஷம் சார்ட்டுல உன் பேர் கிடையாது. குரூப்புலேர்ந்தும் எடுத்துடறேன்."

அதுவரை சமாளித்துச் சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று வாடிவிட்டது.

"சார்ட்டுல வேண்டாம்க்கா. குரூப்புல மட்டும் ஒரு ஓரமா இருந்துக்கறேனே. மாசக் கடைசியில எல்லாரும் போட்டோ போடுவாங்கல்ல, அதைப் பாக்கறது ஒண்ணுதான் எனக்கு இருக்கு."

"அடுத்தவங்க உழைப்பை வேடிக்கை பாக்கறதுக்கா குரூப்பு? தள்ளு, தோட்டத்துல ஒரு புல்லாவது வளந்திருக்கான்னு பாக்கறேன்."

"அங்க வேண்டாம்க்கா! ஒரே குப்பை!"

யார் கேட்டார்கள்? விறுவிறுவென்று பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இருபது தொட்டிக்குமேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. 'நர்ஸ், புதினா, வெள்ளிக்குள்.' பின் தாழ்வாரத்துத் தையல் மெஷினில் பாதி தைத்த துணி. அதிலும் சீட்டு. 'வக்கீல், படுக்கையறைத் திரை.' மூலையில் கவிழ்த்து வைத்த ஸ்டூல். 'பக்கத்து வீடு, இன்னும் ஒரு கோட்டிங்.'

விஷயம் புரியத் தலைவிக்கு அரை நிமிஷம் ஆனது. கணக்கு டீச்சருக்கு அது அதிகம்தான்.

"அடிப்பாவிங்களா! அங்க ஒட்டின பச்சைப் பொட்டெல்லாம் உன் கைவேலையா?"

"கோச்சுக்காதீங்கக்கா. தூக்கமில்லாத கண்ணோட நர்ஸ் வந்து நின்னா எப்படி முடியாதுன்னு சொல்றது? வக்கீலுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. சிவப்புப் பொட்டு விழுந்தா நீங்க எல்லார் முன்னாடியும் திட்டுவீங்கன்னு பாவம், பயந்துட்டாங்க."

"உன்னைத் திட்டினேனே, அப்ப?"

"எனக்குப் பழகிப்போச்சுக்கா."

தலைவிக்குப் பாவமாக இருந்தது. அடுத்த நொடியே அதுவும் கோபமாக மாறிவிட்டது. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"உன்கிட்டயே வேலை வாங்கிட்டு உன்னையே முட்டைன்னு கூப்பிட்டாளா? இரு, நாளைக்குக் கூட்டத்துல வச்சு ஒவ்வொருத்தி முகத்திரையையும் கிழிக்கறேன். சே, என்ன ஜனங்க! இந்தக் கட்டடத்துலயே சொந்தக் கையால வேலை செஞ்சவ நான் ஒருத்திதான்!"

கீழ்வீட்டுப் பெண் தலைகுனிந்து சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கொல்லைக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. அவள் பதறிக்கொண்டு ஓடினாள். அதற்குள் வெளியிலிருந்து தலைவியின் கணவர் குரல் கேட்டது.

"நான்தாம்மா. இந்த ரோஜாவும் செத்துப்போச்சு. ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணி ஊத்தினா எந்தச் செடிதான் பொழைக்கும்? அவ யாரையோ திட்டறதுக்குக் கீழ வந்திருக்கா. திரும்பறதுக்குள்ள தொட்டியை மாத்திடணும். போன தடவை மாதிரி வேற கலர் மட்டும் குடுத்துடாதேம்மா. 'என் கைராசியைப் பாருங்க, ஒரே செடியில ரெண்டு கலர் பூக்குது'ன்னு ஊருக்கே போட்டோ அனுப்பிட்டா!"