இடது கண்

பெலேம் ஊரில் வருடம் முழுக்க ஈரம்தான். வீட்டுக்கு ஏசி வந்து காற்று வறண்ட பிறகுதான் எங்கள் மலைப்பாம்பு தபியோகாவின் தோல் துண்டு துண்டாகக் கிழிந்து உரிந்தது. அதன்பின், தோலுரிக்கப் போகும் அறிகுறியாக அவள் கண் பால் பூத்தாலே என் கணவர் எடிவால்டோ ஏசியை அணைத்துவிட்டு, அவள் பெட்டியில் ஈரப் பாசியை நிரப்புவார்.

ஈஸ்டருக்கு முன் அவள் செத்துப்போனாள். கொல்லையில் அசாயி மரத்தடியில் புதைத்தோம். அவர் மட்டும் பாசிக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை.

"பழக்கமாயிடுச்சு, விடு," என்பார்.

இன்று காலை பெட்டியில் ஒரு தோல் கிடந்தது. ஈரமாக, முழுசாக, அவளைவிட ஒரு சாண் நீளமாக. எடிவால்டோ அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எப்போதும்போல முதலில் தலைப்பக்கம் பார்த்தார். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் தோலோடு வந்துவிட வேண்டும். வலது கண்ணுக்கு வந்திருந்தது. இடப்பக்கம் வெறும் ஓட்டை.

"நேத்து ஏசி போட்டியா?"

"வெக்கை தாங்கலை. கொஞ்ச நேரம்தான் போட்டேன்."

"பாரு, செதில் கண்ணுலயே ஒட்டிக்கிச்சு. ஒத்தைக் கண்ணோட எங்க முட்டிக்கிட்டுத் திரியறாளோ."

நான் போய் ஏசியின் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் வெந்நீரில் பஞ்சை நனைத்துக்கொண்டு அவள் வழக்கமாகப் பதுங்கும் கட்டிலுக்கடியில் நுழைந்தார்.

"ஆடாம இரு, செல்லம்," என்றார் அடியிலிருந்து. "ஆச்சு, ஆச்சு."