பனிமான் தோல்

அவள் மெல்லிய தூரிகையால் தோலில் படிந்த பனித்தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நூறு வருடத்துக்கு முன் தென்துருவம் பார்க்க வந்தவர்கள் கட்டிய மரக்குடில். அவர்கள் விட்டுப்போன பிஸ்கட் டப்பாக்கள் அப்படியே இருந்தன. காலுறைகள் கொடியில் தொங்கின. எதை எடுத்துச் சீர்செய்தாலும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அடுப்பை மூட்டக் கூடாது. கட்டிலில் உட்காரக்கூடக் கூடாது.

குடிலைப் பாதுகாக்கும் குழுவுக்கு அந்த விதிகளை எழுதியவர் சேந்தன். அவள் கணவர்.

போன வருடம், இதே தரையில், குளிரில் விறைத்துப் போனார்.

பனிப்புயல் கூடாரத்தைச் சாமான்களோடு வாரிக்கொண்டு போய்விட, அவரும் குழுவில் கூட வேலை செய்த அருமைநாயகமும் இங்கே வந்து ஒதுங்கினார்கள். இரண்டு நாள்.

அருமைநாயகம் மட்டும் திரும்பினான்.

"ஒரு கம்பளியக்கூடத் தொடல அண்ணி. என்னையும் தொட விடல." சாவு வீட்டில் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னை இந்தத் தொப்பைதான் காப்பாத்துச்சு."

அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருடத்தைத் தள்ளினாள். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். மகளிடமும்.

அவள் தூசு தட்டிக்கொண்டிருந்தது பனிமான் தோலில் தைத்த படுக்கைப் பை. கட்டிலடியில் சுருட்டிக் கிடந்ததை எடுத்திருந்தாள். வாயைப் பிரித்து உள்ளே கைவிட்டாள்.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. காதுக் கருவிக்குப் போடுவது. துளி துரு இல்லை.

குழுவில் காதுக் கருவி வைத்திருப்பவன் ஒருவன்தான். அதைக் கழற்றிவிட்டால், பக்கத்தில் படுத்துக் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது.

உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

வெளியே பூட்ஸ் சத்தம். கதவில் அருமைநாயகத்தின் தலை.

"இன்னும் அந்தத் தோலைத்தான் தடவிட்டு இருக்கீங்களா? அளவு மட்டும் எழுதிட்டு வாங்க அண்ணி. டீ ஐஸாயிரும்."

"அளந்துட்டு வரேன்."

தலை மறைந்தது.

பையைத் தரையில் விரித்தாள். மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே போனது. அவள் எழுந்து பின்னால் நகர வேண்டியிருந்தது. தலைமாட்டில், அருகருகே, மங்கிப்போன மையால் எழுதிய மூன்று வெள்ளைக்காரப் பெயர்கள்.

படிவத்தில் நீளம் எழுதினாள். அகலம் எழுதினாள்.

அடுத்த கட்டம், எத்தனை பேர் படுக்க என்று கேட்டது.

மூன்று, என்று எழுதினாள்.