சண்டை போடாத குழு

"தலையையாவது வாருடா! இன்னும் பத்து நிமிஷத்துல வாத்தியார் ஸ்கிரீன்ல வந்துடுவார்."

"வரட்டும்மா. என் தலையையா திருத்தப் போறார்? புராஜெக்டைத்தானே!"

அம்மா சீப்பை மகனின் மடியில் எறிந்தாள். தையல் மெஷினின் பலகை மேல் லேப்டாப் திறந்திருந்தது. அதன் கேமராவை மறைத்து ஒட்டியிருந்த துணிப்பட்டையை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஆறு வாரமாக ஒட்டியிருந்ததில் பசை இறுகிப்போயிருந்தது.

அந்த ஆறு வாரமும் ஆன்லைன் புராஜெக்ட் குழுவில் மகன் பெயரில் உட்கார்ந்தது அவள்தான்.

போன வருடம் இதே பாடத்தில் இவன் குழு அடித்துக்கொண்டு சிதறியது. ஆளுக்கொரு மூலையிலிருந்து ஆளுக்கொரு குறை சொன்னார்கள், எல்லோருக்கும் முட்டை. இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடையாது. அப்படியிருந்தும், காலை ஆறு மணிக்கு வைத்த முதல் கூட்டத்துக்கு மகராசன் போர்வையை விட்டு எழவில்லை. ஒரு நாளைக்குத்தானே என்று உட்கார்ந்தவளால் அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை.

"நல்லா கேட்டுக்கோ. தலைப்பு என்ன?"

"வீட்டுல வீணாகுற தண்ணி."

"எத்தனை வீடு அளந்தோம்?"

"நாப்பது."

"நாப்பத்தி ரெண்டு! நாசமாப் போச்சு."

"விடும்மா. மத்த மூணு பேர் இருக்காங்கல்ல? பார்த்துப்பாங்க."

"அதுதான்டா எனக்குக் கவலை. வேற யாராவது செஞ்சு கொடுத்தது தெரிஞ்சா மொத்தக் குழுவுக்கும் முட்டைன்னு போட்டிருக்காங்க. உன்னால அந்தத் தங்கமான பிள்ளைங்க மூணும் கெடணுமா?"

"பார்க்கவே பார்க்காம தங்கம்ங்கிற."

"பார்த்தாத்தானா? முதல் நாளே தலைவன், 'என் மைக்கும் கேமராவும் தகராறு, எழுத்துலயே பேசிக்கலாமா'ன்னு கேட்டான். மத்த ரெண்டு பேரும் மறுபேச்சில்லாம சரின்னுட்டாங்க. அப்பத்தான் எனக்கு உசுரே வந்தது."

மகன் கொட்டாவி விட்டான்.

"ஒருநாள் கைதவறி இரண்டாம் பகுதி முழுக்க அழிச்சிட்டேன்டா. பதினோரு பக்கம்! உன் பழைய குழுவா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"யாருன்னு கண்டுபிடிச்சுக் கிழிச்சிருப்போம்."

"தலைவன் என்ன எழுதினான் தெரியுமா? 'யார் கை பட்டதுன்னு தேட வேண்டாம். நான் தினமும் அச்செடுத்து வைக்கிறேன். ஆளுக்கு மூணு பக்கமா திரும்ப அடிச்சிடலாம்.' ஒரு மணி நேரத்துல முடிஞ்சது. யாரும் ஒரு சொல் சொல்லலை."

"தினமும் அச்செடுக்குறானா? என்ன பிறவிம்மா அவன்?"

"பொறுப்பான பிறவி. கணக்குப் போடுறவனும் அப்படித்தான். வாளியில சொட்டுத் தண்ணி பிடிச்சு, பேப்பர்ல கட்டம் போட்டு, படம் பிடிச்சு அனுப்புவான். எழுத்து முத்து முத்தா இருக்கும். அந்தப் படம் வரையுற பொண்ணு இருக்காளே, யாராவது ஒருநாள் வரலைன்னா, 'உடம்பு சரியில்லையா? சுடுதண்ணி குடிச்சுட்டுப் படு'ன்னு எழுதுவா. இப்படி ஒரு மருமக வாய்ச்சா போதும்."

"அம்மா!"

"ஒருநாள் பழக்க தோஷத்துல ரோஜாப் படம் போட்டு 'காலை வணக்கம்'னு அனுப்பித் தொலைச்சிட்டேன். மாட்டிக்கிட்டோம், கிழவின்னு தெரிஞ்சுபோச்சுன்னு அதை அழிக்கப் பார்த்தேன். அஞ்சே நிமிஷத்துல மூணு பேரும் பதிலுக்குப் பூ அனுப்பிட்டாங்க. தாமரை, செம்பருத்தி, இன்னொண்ணு என்னவோ மஞ்சளா. உன் வயசுப் பிள்ளைங்கதான்டா! எல்லாம் பெத்தவங்க வளர்த்த வளர்ப்பு."

"அப்ப என்னை யார் வளர்த்தது?"

அம்மா பதில் சொல்வதற்குள் திரை மினுங்கியது. அவள் சட்டென்று கேமராவுக்கு எட்டாமல் இடப்பக்கம் முக்காலியில் குந்தினாள். மடியில் குறிப்புத் தாள்கள், கையில் தடித்த பேனா.

திரையில் ஐந்து கட்டங்கள். ஒன்றில் பேராசிரியர். மற்ற நான்கில் பிள்ளைகள். தலைவன் ஒல்லியாக, கண் வீங்கி, இப்போதுதான் எழுந்தவன் மாதிரி இருந்தான். படம் வரைகிற பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள், பயந்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு மனசு இளகியது. இவனால் இவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "பதினேழு குழுவுல ஒரு புகார்கூட வராத குழு உங்களுதுதான். சொன்ன நாளுக்கு முன்னாடியே முடிச்சிருக்கீங்க. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திருத்தின இடத்துலகூட 'தவறா நினைக்க வேண்டாம்'னு ஒரு வரி. இருபது வருஷமா பாடம் எடுக்குறேன், இப்படி ஒரு பக்குவத்தை நான் பார்த்ததில்லை."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கேள்வி. இரண்டாம் பகுதியில, ஒழுகுற குழாயிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் போகுதுன்னு எப்படி அளந்தீங்க? யார் வேணும்னாலும் சொல்லலாம்."

மகன் மெல்லத் தலையை இடப்பக்கம் திருப்பி அம்மாவைப் பார்த்தான்.

"என்னைப் பார்க்காதடா!" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். தலைவனாவது சொல்லிக் காப்பாற்ற மாட்டானா என்று தவிப்போடு திரையை எட்டிப் பார்த்தாள்.

தலைவன் தலையும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. கணக்குப் போடுகிறவன் கதவுப் பக்கம் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். படம் வரைகிற பெண்ணின் தோளோரம், நரைத்த முடி அடர்ந்த ஆண் கை ஒன்று மூக்குக்கண்ணாடியைப் பிடித்தபடியே ஒரு தாளை மெல்ல நீட்டியது.