தூக்கின கை

“கையை உயர்த்தின அந்த ஒருவருக்காக நன்றி, ஆண்டவரே” என்றார் நர்ஸ் அக்கா.

கடைசி வரிசையில் நின்ற ஏசி மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் முழுக்க அண்ணாந்து சுவரில் துளை போட்டதில் அவருடைய தோள்பட்டை இறுகிக் கிடந்தது. எல்லோரும் கண்ணை மூடித்தானே இருக்கிறார்கள் என்று, ஜெபத்தின் நடுவில் கையை மேலே நீட்டி நெளித்திருந்தார்.

அதே நேரம் பார்த்துத்தான், பெரியவர்களின் வேதபாட வகுப்பை நடத்த விருப்பமுள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்று அக்கா கேட்டிருந்தார்.

மெக்கானிக் கையை மெல்ல இறக்கி, ஒரு கண்ணை மட்டும் அரைகுறையாகத் திறந்தார். மேடையில் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகம் நேராக இவர் பக்கம்தான் இருந்தது.

“அவர் ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறைக்கு வரட்டும். ஆமென்.”

வாசலில் மனைவி கிசுகிசுத்தாள். “யாருங்க அது? பாவம், வசமா மாட்டிக்கிட்டாரு.”

“யாரோ. நீ வண்டிகிட்ட நில்லு, வந்துடறேன்.”

நழுவிவிடலாம்தான். ஆனால் பார்த்தவர் அடுத்த ஞாயிறும் பார்ப்பாரே. போதாக்குறைக்கு, அக்கா வேலை செய்யும் மருத்துவமனையின் ஏசி அத்தனையும் இவர் பொறுப்பு. எந்தப் பக்கம் ஓடினாலும் எதிரே அக்காதான்.

பக்கத்து அறையில் மடக்கு நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார்.

“நீங்களா?” என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, எதிர் நாற்காலியிலிருந்த பையை எடுத்தார். “உக்காருங்க தம்பி.”

“அக்கா, எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது.”

“பேசறதுக்கு ஆள் நிறைய இருக்கு. கேக்கறதுக்குத்தான் இல்லை. இந்த வாரம் எப்படிப் போச்சுன்னு கேட்டுட்டு, காதைக் குடுங்க போதும்.”

“ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் முன் வரிசையில உக்காந்து எனக்கு மார்க் போடுவாரு.”

“போடட்டுமே. சம்சாரம் போனப்புறம் அவர் வீட்ல யாருக்குப் போடுவாரு?”

“வேதமும் எனக்கு அரைகுறைதான்.”

“முதல்ல நான் நடத்தறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. அப்புறம் நீங்க நடத்துங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். தடுமாறினா எடுத்துக் குடுப்பேன். நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.”

கைவசமிருந்த சாக்குகள் தீர்ந்துவிட்டன. கதவு திறந்தேதான் கிடந்தது. எழுந்து போகக் கால் வரவில்லை.

போன மாதம் ஹெட்மாஸ்டர் வீட்டில் வேலை முடிந்த பிறகும், “இன்னொரு தரம் பாருங்களேன், ஏதோ சத்தம் வருது” என்று அவர் பிடித்து நிறுத்தியது நினைவுக்கு வந்தது. மெஷினில் ஒரு சத்தமும் இல்லை. அன்று அவசரம் என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பிவிட்டார்.

“சரிக்கா. வர்றேன்” என்றார் மெக்கானிக்.

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டியது கண்ணாடி மட்டும் இல்லை என்பது தெரிந்தது. அதைப் பார்த்ததும் உண்மையை மறைக்க இவருக்கு மனம் வரவில்லை.

“ஒண்ணு சொல்லிடறேன்கா. வகுப்புக்குன்னு நான் கை தூக்கலை. தோள் வலிக்குதுன்னு நெளிச்சேன். நீங்க பார்த்துட்டீங்க, மாட்டிக்கிட்டேன். ஆனா வர்றேன்னு இப்ப சொன்னது நிஜம்.”

அக்கா விழித்தார்.

“ஆண்டவர்கிட்ட கேக்கும்போதே நன்றியும் சொல்லிடறது என் வழக்கம் தம்பி. நீங்க கை வேற தூக்கினீங்களா? நான் கண்ணையே திறக்கலையே.”