இடது விளக்கு

காரின் முகப்பு விளக்குகள் இரண்டும் புரை விழுந்த கண் மாதிரி மஞ்சளித்துக் கிடந்தன. பாலிஷ்காரர் ஓரமெல்லாம் டேப் ஒட்டி, இடது விளக்கை ஈர உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். மஞ்சள் தண்ணீர் வழிந்தது.

"வெயில்லயே போட்டுட்டீங்களா?"

கார்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஷெட்டுக்குள்ள விட எனக்கு வராதுங்கண்ணே. என் சம்சாரம்தான் சுவரோரமா நின்னு, வாங்க வாங்கன்னு கை காட்டுவா. போதும்னா பானெட்ல ரெண்டு தட்டு தட்டுவா. அவ போனதுலேர்ந்து வண்டி வெளியிலதான் நிக்குது."

பாலிஷ்காரர் உச்சுக் கொட்டினார்.

ஒரு விளக்கு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கி, போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். போட்டார். வலது விளக்கின் வெளிச்சம் எதிர்ச் சுவரில் அழுக்காக விழுந்தது. இடது விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் நிழல் நின்றது. வண்டிக்கும் சுவருக்கும் நடுவே யாரும் இல்லை. பாலிஷ்காரர் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். நிழலின் கை வா, வா என்று அசைந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே," என்றார் கார்க்காரர்.

ஏறி உட்கார்ந்து, வண்டியை நத்தையாக நகர்த்தினார். சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது பானெட்டில் இரண்டு தட்டு கேட்டது. வண்டி நின்றது.

கார்க்காரர் இறங்கவில்லை. வெகுநேரம் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து வந்தார். இந்த முறை வேண்டுமென்றே கோணலாக.